வரிசையில் நின்ற கற்கள்

தேர்தல் வேலைக்குப் போய்வந்த ஆசிரியர்களிடம் தெரியாத்தனமாகக்கூட அந்தப் பேச்சை எடுத்துவிடக் கூடாது. எந்தப் பள்ளிக்கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை, எந்த ஊரில் இட்லி கல்லாக இருந்தது, எந்த ஏஜெண்ட் எப்படி முறைத்தார் என்று ஆளுக்கு ஒரு மூட்டை வைத்திருப்போம். அவிழ்த்தால் கட்டுவது கடினம். என் மூட்டையில் இருப்பவை கற்கள். நிஜமான கற்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திண்டுக்கல்லில் சமூக அறிவியல் ஆசிரியை. வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பேகம்பூர்ப் பக்கம் ஒரு மாடி அறையில் இன்னொரு டீச்சரோடு வாடகைக்கு இருந்தேன். 'வாக்குரிமை' பாடம் வந்துவிட்டால் எனக்குச் சாமி வந்துவிடும். மந்திரிக்கும் ஒரு ஓட்டு, மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கும் ஒரு ஓட்டு என்று சொல்லி மேஜையை ஒரு தட்டு தட்டுவேன். பின்வரிசைப் பிள்ளைகள் அந்தத் தட்டுக்காகவே காத்திருந்து, தங்கள் பெஞ்சிலும் ஒரு தட்டு தட்டுவார்கள். அது அவர்களுக்குப் பாடத்தைவிடப் பிடித்திருந்தது.

என் வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சின்னாளப்பட்டி தாண்டி நிலக்கோட்டைக்குப் போகும் வழியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் பாதி மல்லிகை. நான் படித்தது அந்த மல்லிகையில்தான். அப்பா பெரிய தேசபக்தர். சுதந்திர தினத்தன்று கிணற்று மோட்டார் அறையின் மேல் கொடியேற்றி, பூப்பறிக்க வந்திருக்கும் பெண்களுக்கு மிட்டாய் கொடுப்பார். மிட்டாய் பத்து மணிக்குத்தான், பூவைப் பறித்து முடித்தபிறகு. தேர்தல் என்றால் காலை ஏழு மணிக்குச் சாவடிக் கதவு திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார். மை வைத்த விரலை அன்று முழுக்க மடக்கவே மாட்டார். சாப்பிடும்போதுகூட இடதுகை விரல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, அதில் துணி காயப் போடலாமா என்று கேட்பார்.

அந்த வருடக் கோடையில் பொதுத்தேர்தல் வந்தது. எனக்கு வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு கிராமத்துச் சாவடியில் வேலை. ஊரின் பெயர் வேண்டாம், இப்போது நன்றாக இருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவரின் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பது என் பொறுப்பு. எங்கள் குழுவுக்குத் தலைமை அலுவலராக வந்தவர் ஏதோ ஒரு அலுவலகத்துத் தலைமை எழுத்தர். ஒல்லியான மனிதர், பயந்த சுபாவம். விதிமுறைப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தார். முதல்நாள் மாலையே பெட்டி, வாக்குச்சீட்டுக் கட்டு, அரக்கு, மெழுகுவத்தி எல்லாம் ஏற்றிக்கொண்டு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் இறங்கிவிட்டோம்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் முகம் கழுவ வெளியே வந்தேன். பள்ளி வாசலிலிருந்து வேப்பமரம் வரை ஒரு வரிசை. ஆட்கள் இல்லை, கற்கள். பாதிச் செங்கல், உடைந்த அம்மிக்குழவி, ஆற்றுக்கல், நசுங்கிய டால்டா டின், ஒற்றைச் செருப்பு, எல்லாவற்றுக்கும் முன்னால் கவிழ்த்து வைத்த ஒரு பூக்கூடை. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. எண்ணினேன். முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் அடியில், கட்சிக்காரர்கள் வீடு வீடாகக் கொடுக்கும் பெயர்ச்சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஏதோ செய்வினை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சமூக அறிவியல் டீச்சர்தான், இருந்தாலும் விடியாத நேரம். சத்துணவு சமைக்கும் அம்மா வாசல் பெருக்க வந்தபோது விஷயம் விளங்கியது. காலனிப் பெண்கள் பூப்பறிக்கப் போகும் வழியில் நாலு மணிக்கு வைத்துவிட்டுப் போனது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது போலத்தான் இதுவும்.

“பத்து மணிக்குப் பறிச்சு முடிச்சுட்டு வந்துருவாளுக டீச்சர். போன தடவையெல்லாம் மத்தியானமா வந்து பாத்தா ஓட்டு முடிஞ்சு போயிருக்கும்.”

முடிந்து போயிருக்கும் என்றால் என்ன என்று கேட்டேன். வேறு யாராவது போட்டிருப்பார்கள் என்றார் அவர், மழை வந்திருக்கும் என்பது போலச் சாதாரணமாக. யார் என்று கேட்டேன். அதெல்லாம் யார் கேட்டது என்று சொல்லிவிட்டுக் கற்களைச் சுற்றி, ஒன்றுகூட அசையாமல் பெருக்கினார்.

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். அன்று விடியற்காலையிலேயே சூடாகிவிட்டது. ரேஷன் கடையிலும் குழாயடியிலும் கற்றுக்கொண்டதை அப்படியே கொண்டுவந்து ஜனநாயகத்தின் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாவடியில் கல்லுக்கு மதிப்பில்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்காவது தோன்றியிருந்தால், அவர்கள் ஓட்டை வேறு யாரும் போடக் கூடாது என்பதையும் சொல்லியிருப்பார்கள்.

தலைமை அலுவலரை எழுப்பிக் காட்டினேன். அவர் கற்களைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி கற்களைப் பார்த்தார். வரிசையில் நிற்கும் வாக்காளருக்கு விதி இருக்கிறது, வரிசையில் நிற்கும் கல்லுக்கு இல்லை. கடைசியில் தன் நாட்குறிப்பில் எழுதினார்: 'காலை 6.10. பெண்கள் வரிசையில் கற்கள் முதலிய பொருட்கள் 31 காணப்பட்டன. மனித நடமாட்டம் இல்லை.' எழுதியதும் அவருக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

நான் வேறொன்று செய்தேன். ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, அடியிலிருந்த சீட்டைப் படித்து, என் பட்டியலில் அந்த வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பூக்கூடைக்கு அடியில் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு. இது விதிப்படி சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, யாரிடமும் கேட்டதும் இல்லை.

ஏழு மணிக்கு ஊருக்குள்ளிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் பெரிய கம்மல் போட்ட ஒரு அம்மா. கற்களைப் பார்த்தார். அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. காலால் முதல் கல்லை ஒரு தள்ளு, அடுத்த கல்லை ஒரு தள்ளு. அந்தக் காலுக்கு இது பழகிய வேலை என்று பார்த்தவுடன் தெரிந்தது. குழாயடியில் காலனிக் குடங்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் ஊர்க் குடங்கள் நிரம்பியபிறகுதான் அவற்றுக்குத் தண்ணீர் என்பதைச் சத்துணவு அம்மா பிறகு என்னிடம் சொன்னார். அவரும் ஊர்க்காரர்தான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் எழுந்து போய்ச் சண்டை போடுவதற்குள் தலைமை அலுவலர் வெளியே வந்துவிட்டார். வந்திருப்பவர்கள் இப்போது ஓட்டுப் போடலாம், கற்களைச் சுவரோரமாக இதே வரிசையில் தள்ளி வைக்கலாம், கல்லுக்கு உரியவர்கள் வந்ததும் இந்த வரிசையில் ஒருவர், அந்த வரிசையில் ஒருவர் என்று மாற்றி மாற்றி விடலாம் என்று மெல்லிய குரலில் தீர்ப்புச் சொன்னார். கம்மல் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

“நாங்க அவளுகளோட மாத்தி மாத்தியா நிக்கிறது?”

அவர் புத்தகத்தைப் புரட்டினார். நிஜமாகவே தேடினார். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “அதுக்கு எங்க பாரத்துல கட்டமே இல்லையேம்மா.”

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் சமத்துவம் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பயந்த மனிதர் சொன்ன அளவுக்கு யாரும் எனக்கு விளங்கும்படி சொன்னதில்லை. கம்மல் அம்மா ஓட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. பத்து மணிக்கு வரவேண்டிய தன் இரண்டு மருமகள்களுக்கும் மரியாதைக் குறைவு வராமல் பார்த்துக்கொள்ள வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

எட்டே முக்கால் மணிக்கு ஒரு இளம்பெண் வந்தாள். புதுச்சேலை, தலை நிறையப் பூ. இன்னொரு கட்சி கொடுத்த பெயர்ச்சீட்டை நீட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு. என் பென்சில் புள்ளி என்னைப் பார்த்தது. மை இருக்கிறதா என்று பார்க்க விரலை நீட்டச் சொல்வது வழக்கம்தானே, கையைக் காட்டச் சொன்னேன். மல்லிகை வீட்டில் பிறந்த எனக்கு அந்தக் கையைத் தெரியாதா. விடியவிடியக் காம்பைக் கிள்ளுகிறவர்களின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் நகக்கண்ணில் கறுத்துப்போயிருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. இந்த நகங்களில் ரோஸ் நிறப் பாலிஷ், அதுவும் அன்று காலையில் போட்டது.

“இந்தப் பேருக்காரங்க இப்ப தோட்டத்துல பறிச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்க கூடை வெளிய வரிசையில நிக்கிது. செத்த நேரம் உக்காருங்க, அவங்களும் வரட்டும், ரெண்டு பேருல யாருன்னு நீங்களே பேசி முடிங்க.”

அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஏஜெண்டுகளைப் பார்த்தாள். எதிரெதிர்க் கட்சி ஏஜெண்டுகள் இருவரும் ஒரே நேரத்தில் ஓட்டுக்கூரையின் விட்டத்தைப் பார்த்தார்கள். அன்று முழுக்க அவர்கள் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு கணம்தான். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சீட்டை வீட்டில் மாற்றி எடுத்து வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப்பிறகு மற்றப் புள்ளிகளுக்கு யாரும் வரவில்லை. அந்த ஊரில் தபால் மெதுவாகப் போனாலும் செய்தி வேகமாகப் போகும்.

பத்து மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. பத்தேகால் ஆயிற்று. தலைமை அலுவலர் கடிகாரத்தையும் கற்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் அவை சொந்தமாகிவிட்டிருந்தன. பத்தரைக்கு முதலில் வாசனைதான் வந்தது. முப்பத்தொரு பேரும் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார்கள், சேலைக்கு மேல் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, முழங்கால் வரை வாய்க்கால் ஈரத்தோடு. அவரவர் கல்லைத் தேடிப் பிடித்து அதன் பக்கத்தில் நின்றார்கள். கல் இடம் மாறிப்போயிருந்ததைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாறும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

ஒருவர் விட்டு ஒருவராக உள்ளே விட்டோம். கம்மல் அம்மாவின் மருமகள்களும் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மூத்த மருமகளுக்கும் செருப்பு வைத்திருந்த பெண்ணுக்கும் நடுவே ஏதோ பேச்சு தொடங்கிச் சிரிப்பாக மாறிவிட்டது. மரத்தடியிலிருந்து வந்த கனைப்புச் சத்தம் எதுவும் அவர்களுக்குக் கேட்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு உள்ளே வந்தபோது கையில் பூக்கூடையும் இருந்தது. நாற்பது வயது இருக்கும். கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் மேஜைமேலேயே, பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். தலைமை அலுவலர் இது என்ன என்று கேட்க, “என் இடம் சார்,” என்றார். இதற்குமுன் ஓட்டுப் போட்டதே இல்லையா என்று கேட்டேன்.

“மூணு தடவ வந்திருக்கேன் டீச்சர். மூணு தடவையும் நான் வாரதுக்கு முன்னாடியே நான் வந்து போட்டுட்டுப் போயிருக்கேன்.”

ஏஜெண்டுகள் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தலைமை அலுவலர் மெல்ல இருமிப் பார்த்தார். வந்தவர் சீட்டை எட்டாக மடித்திருந்தார், பெட்டியின் வாயில் நுழையச் சிரமப்பட்டது. விரலால் ஒரு அழுத்து அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு, பெட்டியின்மேல் கையை வைத்தபடி ஒரு நிமிடம் நின்றார். அப்போதுதான் முகத்தில் சிரிப்பு வந்தது. என்னால் அடுத்த பெயரைச் சரியாகப் படிக்க முடியவில்லை.

செத்த நேரம் கூட்டம் குறைந்தபோது தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். பெருமையாக ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. எங்கள் வீட்டிலும் மல்லிகைதான், அதனால்தான் அந்தப் பெண்ணின் நகத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்தேன் என்றேன். இனி உங்கள் ஓட்டு உங்களுக்குத்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். மேஜை இருந்திருந்தால் தட்டியிருப்பேன்.

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னார். “ஓட்டு எங்களுக்கு எப்பவும் இருக்கு டீச்சர். காலைப் பொழுதுதான் எங்க கையில இல்ல.”

பிறகு, குத்தலே இல்லாமல், ஒரு தோட்டத்துக்காரி இன்னொரு தோட்டத்தைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டார். “உங்க தோட்டத்துல இன்னைக்கு யாரு பறிக்கிறா?”

தெரியும். எங்கள் தோட்டத்தில் வழக்கமாகப் பறிக்கும் பன்னிரண்டு பேர்தான் பறித்துக்கொண்டிருப்பார்கள். அப்பா ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு, விரலை நீட்டியபடி வரப்பில் நின்று அவர்களை மேற்பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பதிலுக்கு நிற்கவில்லை. பறித்த பூவில் மொட்டையும் மலர்ந்ததையும் பிரிக்கிற வேலை பாக்கி என்று சொல்லிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தோட்டத்தில் கேட்டேன். பன்னிரண்டு பேரில் நாலு பேர்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு பேருக்குச் சாவடியில் 'முடிந்து போயிருந்தது'. மற்றவர்கள் பறித்து, பிரித்து, எடை போட்டு, நடந்துபோய் வீட்டில் சோறு வடித்து, பிறகு போக உடம்பில் தெம்பு இல்லாதவர்கள். அப்பாவிடம் சண்டைக்குப் போனேன்.

“சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் தொறந்துதானத்தா வச்சிருக்கான். நானா போக வேணாங்கிறேன்?” என்றார் அப்பா.

அவர் பொய் சொல்லவில்லை. வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னவர் இல்லை. காலையில் வராவிட்டால் அவர்களுக்கு ஒதுக்கிய செடி வரிசை, அந்த நிரை, வேறு ஆளுக்குப் போய்விடும், அந்தப் பருவம் முழுக்கக் கிடைக்காது, அவ்வளவுதான். ஓட்டுப்பதிவு நாளுக்குக் கூலியோடு விடுப்பு உண்டு என்று சட்டம் சொல்வதாக நான் எங்கோ படித்ததை எடுத்துவிட்டேன். கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு அது எத்தனை கிலோ என்று உன் சட்டத்தில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். போட்டிருக்கவில்லை. கடைசியாக, “பூவுக்குத் தேர்தல் தெரியுமா?” என்றார். மொட்டாகப் பறித்தால்தான் விலை, வெயில் ஏறினால் பாதி மலர்ந்துவிடும். நான் படித்ததும் அந்த விலையில்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் காது சூடு இறங்கவில்லை.

அதற்குப்பிறகு வகுப்பில் மேஜையைத் தட்டுவதை விட்டுவிட்டேன். தட்டச் சங்கடமாக இருந்தது. நாட்டுக்கு விடுதலை எப்போது கிடைத்தது என்று புத்தகம் கேட்கும், பிள்ளைகள் டாண் என்று சொல்வார்கள். அதோடு நான் ஒன்று சேர்த்துக் கேட்க ஆரம்பித்தேன்: உங்கள் வீட்டில் யாருடைய காலைப் பொழுது யாருடைய கையில் இருக்கிறது? பரீட்சைக்கு வராத கேள்வி என்றாலும், எல்லாக் கைகளும் உயர்ந்த ஒரே கேள்வி அதுதான். என் அம்மா காலை நாலு மணி முதல் யாருக்குச் சொந்தம், என் அண்ணன் மில்லில் எத்தனை மணி வரை யாருக்குச் சொந்தம் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல மணி அடித்துவிடும்.

வருடங்கள் ஓடின. கல்யாணம் ஆயிற்று, இரண்டாயிரமும் பிறந்தது, ஓட்டுப்பெட்டி போய் மிஷின் வந்தது. அப்புறம் வந்த ஒரு பொதுத்தேர்தலின்போது எனக்குக் கைக்குழந்தை இருந்ததால் தேர்தல் வேலை இல்லை. கோடை விடுமுறைக்கு அப்பா வீட்டில் இருந்தேன். ஒரு காலை, கொட்டகையில் பூப்பிரிக்கும் பெண்களோடு உட்கார்ந்து, என் மூட்டையை அவிழ்த்தேன். கற்கள், கம்மல் அம்மா, ரோஸ் பாலிஷ், பாரத்தில் இல்லாத கட்டம் எல்லாம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பறிப்பவர்களுக்குத் தலைவி போல இருந்த மூக்குத்தி அக்கா மட்டும் சிரித்து முடித்தபின் ஒரு சந்தேகம் கேட்டார். கல்லை வைத்துவிட்டுப் போனால் இடம் அப்படியே இருந்ததா, யாரும் எடுத்துக்கொள்ளவில்லையா? சுவரோரம் தள்ளினாலும் இடம் போகவில்லை என்றேன். அவர் மறுபடி பூவைப் பிரிக்கத் தொடங்கினார்.

அவர்களுக்கு டீ கொடுக்கும் டம்ளர்களைப் பற்றியும் இங்கே சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமானவள் போல ஆகிவிடும். எங்கள் வீட்டில் அவை சமையலறைக்குள் வராது. மாட்டுக்கொட்டகைத் தூணில் அடித்த ஆணிகளில் கவிழ்ந்திருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்ததால் அது எனக்குத் தூணின் ஒரு பகுதியாகவே தெரிந்தது. சமத்துவம் நடத்திய டீச்சர் நான்தான்.

ஓட்டுப்பதிவு நாள் விடிந்தது. ஐந்தரை மணிக்குத் தோட்டத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. கூப்பாடு இல்லை, விசித்திரமான ஒரு முனகல். பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

தோட்டத்தில் ஒரு ஆள் இல்லை. பன்னிரண்டு நிரை மல்லிகை, ஒவ்வொரு நிரையின் தலைமாட்டிலும் ஒரு கல். முதல் நிரையில் கவிழ்த்து வைத்த ஒரு பூக்கூடை.

அப்பா என்னைப் பார்த்தார். அப்பாவுக்கும் அந்தக் கதை தெரியும், பத்து தடவையாவது சொல்லியிருக்கிறேன். “இது உன் வேலையா?” என்றார். இல்லை என்று சத்தியம் செய்தேன். உண்மையும் அதுதான். ஆனால் சிரிப்பை அடக்க முடியாததால் அவர் நம்பவில்லை. அன்று ஏழு மணிக்கு வழக்கம்போல முதல் ஆளாக நிற்கச் சாவடிக்குப் போனவர், பெண்கள் வரிசையில் பன்னிரண்டு பேரும் தலைக்குக் குளித்து, துவைத்த சேலையில் நிற்பதைப் பார்த்தார். ஆண்கள் வரிசையில் முதல் ஆள் அவர்தான். ஆனால் அன்று வாசலில் நின்ற போலீஸ்காரர் பெண்களில் இரண்டு பேர், ஆண்களில் ஒருவர் என்று விட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா மூன்றாவது ஓட்டுப் போட்டார்.

இங்கே பூ காத்திருக்குமா? நானும் என் தம்பியும் கூடையைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து அப்பாவும் இறங்கினார். பூவிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். ஆனால் பறிப்பதற்குக் குனிந்த குடும்பம் அல்ல. அரை மணி நேரத்தில் எனக்கு இடுப்பு வலித்தது, தம்பி மொட்டையும் இலையையும் சேர்த்துப் பிடுங்கினான், அப்பா நின்று நின்று முதுகை நீவினார். மூன்று பேரும் சேர்ந்து பறித்தது மூக்குத்தி அக்காவின் ஒரு மணி நேரத்துக்குக் காணாது.

எட்டு மணிக்குமேல் அவர்கள் வந்தார்கள். வரப்பில் வரிசையாக நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் அப்பாவுக்குக் காம்பை எப்படிக் கிள்ளுவது என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள், தோட்டம் பத்தரைக்கெல்லாம் காலியாகிவிட்டது. கொஞ்சம் பூ மலர்ந்துவிட்டது உண்மை. உலகம் முடிந்துவிடவில்லை.

அம்மா டீ கொண்டுவந்தார். நாங்களும் அவர்களும் தோட்டத்திலேயே நின்றதால், வீட்டு டம்ளர், கொட்டகை டம்ளர் எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். யார் எதில் குடித்தோம் என்று தெரியாது. மறுநாள் அவற்றைப் பிரித்து வைக்கப் பார்த்தார். எது எது என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. எல்லாம் சமையலறைக்குப் போயின.

எடை போடும் இடத்தில்தான் நிஜமான விஷயம் வந்தது. நாங்கள் மூவரும் பறித்த பூ தனியாக ஒரு கூடையில் இருந்தது. அப்பா அதைத் தன் பக்கம் நகர்த்தினார். மூக்குத்தி அக்கா தராசுக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஐயா, அந்த நெரையில எங்க கல்லு இருந்துச்சுல்ல. அது எங்க பூவு.”

பன்னிரண்டு பேரின் அந்தப் பருவத்து நிரை அந்த ஒரு வாக்கியத்தில் நின்றுகொண்டிருந்தது. அப்பா கோபக்காரர், நான் அவர் பிள்ளைதான். அவர் காது சிவப்பதைப் பார்த்தேன். தன் கையைப் பார்த்துக்கொண்டார். இடதுகையில் மை, வலதுகைக் கட்டைவிரல் நகக்கண்ணில் மல்லிகைக் காம்பின் கறை. வெகுநேரம் இரண்டையும் பார்த்தார். பிறகு கூடையைத் தூக்கி, பன்னிரண்டு கூடைகளிலும் கை கையாகப் பிரித்துப் போட்டுவிட்டு, அடுத்த நாள் எல்லோரும் அவரவர் நிரைக்கே வந்துவிட வேண்டும் என்று அதட்டினார். தோற்றபோது அதட்டுவது அவர் வழக்கம்.

அன்று மத்தியானம் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, வத்தலக்குண்டுப் பக்கத்து அந்த ஊருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். பெயரைப் பட்டியலில் ஒருமுறை படித்ததோடு சரி, மறந்துபோயிருந்தது. நினைவிருந்தது வரிசை எண் மட்டும்தான். நானூற்றுப் பன்னிரண்டுக்குத் தபால் போகாது. ஆனாலும் எழுதினேன், கறை படிந்த விரலால், ஒரே வரி. அக்கா, எங்கள் தோட்டத்தில் இன்றைக்கு நாங்கள்தான் பறித்தோம்.